மச்சானுக்கு இடமில்லாத புரோகிராம்

போடி ஏலக்காய்க் கடைவீதியில், முதலாளி சொன்னதைச் செய்யாமலே சம்பளம் வாங்கிய பெருமை சுகிர்தம் ஒருத்திக்கே உண்டு. பெரியகுளத்துக் கிறிஸ்தவத் தையல்காரர் மகள். மதுரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, எண்பத்தெட்டில் வைகுண்டராஜ் அண்ணாச்சியின் மண்டிக்கு வேலைக்கு வந்தாள்.

அங்கே கம்ப்யூட்டர் ஏற்கெனவே சந்தனம் குங்குமத்தோடு வீற்றிருந்தது. எந்த மூட்டை என்ன தரம், எந்தச் சரக்குக் கிட்டங்கியில் கிடக்கிறது என்று சொல்லும் புரோகிராமை எழுதியவர் அண்ணாச்சியின் மச்சான் ராஜமணி. புதிதாக ஒரு தரம் வந்தால், ‘கீழே அந்த வரிக்குப் போ’ என்று ஒரு கோட்டூ (GOTO) கட்டளை போடுவார். அங்கே போனால், ‘மேலே இந்த வரிக்குப் போ’ என்று இன்னொரு கோட்டூ. மேகமலைப் பாதையில்கூட இத்தனை வளைவு கிடையாது. அதில் ஜீப்பாவது எஸ்டேட் போய்ச் சேரும்.

அண்ணாச்சி கூடலூரில் புதுக் கிட்டங்கி பிடித்தார். “ஏத்தா, அதையும் புரோகிராம்ல ஒரு ஓரமாச் சொருகிவிடு.”

“சொருக மாட்டேன் அண்ணாச்சி. எல்லாத்தையும் பிரிச்சு, தரம் ஒரு பக்கம், கிட்டங்கி ஒரு பக்கம்னு ஒழுங்கா அடுக்கிட்டுத்தான் சேப்பேன்.”

“ஓடுற வண்டிய எதுக்கு அக்கக்காக் கழட்டுற?”

“ஓடுதுதான். எங்க போகுதுன்னு எழுதுனவுகளுக்கே தெரியல.”

அண்ணாச்சி முறைத்தார். சுகிர்தம் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

ராஜமணி கடைவீதியெங்கும் முழங்கினார்: “ஆயுத பூசையில சாமி கும்பிட்ட புரோகிராம்! வேதக்காரப் பொண்ணு கை வைக்குது!”

“சாமி கும்பிட்டது பெட்டியத்தான். உள்ள கெடக்குற குப்பையையா?” என்றாள் சுகிர்தம்.

மாதம் ஒன்று போனது. பழைய அறிக்கையையும் புது அறிக்கையையும் மேசையில் வைத்தாள். அண்ணாச்சி இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு புள்ளி மாறவில்லை.

“ஒரு மாசமா என்னத்தா பண்ணுன? எல்லாம் அப்படியேல்ல இருக்கு!”

“அப்படியேதான் இருக்கணும். மாத்துனது உள்ள.”

இதைக் கேட்டு மகிழ்ந்த முதலாளி உலகத்தில் எவரும் இல்லை. “பழசையே போடு. ராஜமணி கூடலூரைச் சொருகட்டும். நீ நாளையிலருந்து வர வேண்டாம்.”

“சொருகட்டும். பாத்துட்டே போறேன்.”

ராஜமணி சொருகினார். அறிக்கையில் கூடலூர் வந்தது, போடிக் கிட்டங்கி காணாமல் போனது. போடியைத் தேடிப் பிடித்தார். கூடலூர் மூட்டையெல்லாம் போடிக்கு வந்து ஏறிக்கொண்டது. எந்த ஊருக்குப் போய்ச் சரக்கேற்றுவது என்று தெரியாமல் வாசலில் லாரிக்காரர் ஆரன் அடித்தார். சுகிர்தம் தன் புரோகிராமை ஏற்றி, கூடலூரைச் சேர்த்தாள். அண்ணாச்சியின் டீ ஆறுவதற்குள் இரண்டு ஊரும் அதனதன் இடத்தில் நின்றன.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். “சரி, இதே இருக்கட்டும். மச்சான் மனசு நோகும்ல? அவுக பேருக்கு ஒரே ஒரு கோட்டூ வச்சுரு.”

சுகிர்தம் பையைத் தோளில் மாட்டினாள். “அவுகளுக்கு நாற்காலி போடுங்க, அண்ணாச்சி. புரோகிராமுக்குள்ள இடமில்ல. வைக்கத்தான் வேணும்னா நான் கெளம்புறேன்.”

லாரி மறுபடி ஆரன் அடித்தது.

“பைய எறக்கி வையி,” என்ற அண்ணாச்சி, உள்பக்கம் திரும்பிக் கத்தினார்: “யார்லே அங்கன! மச்சானுக்கு ஒரு நாற்காலி போடு!”