சீட்டில் துண்டு, மிஷினில் சிம்பல்

போன வாரம் மூன்று நாள் ஒரு கம்ப்யூட்டர் என்னிடம் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் கொடுத்த சரக்கு தப்பான ரகமாம். எது சரியான ரகம்? அதைச் சொல்லாது.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். மதுக்கரையில் சிமென்ட் மூட்டை ஏற்றினேன். முதுகு பிடித்துக்கொண்டது. கருமத்தம்பட்டியில் தறி ஓட்டினேன். நடுவில் ஒரு பட்டறையில் பென்சில் பிடித்து டிராயிங் போடப் பழகினேன். இப்போது கணபதியில், பம்ப் பாகங்களுக்கு டிராயிங் போடும் ஒரு சின்ன ஆபீஸில் இருக்கிறேன். இருக்கிறேன் என்றால்... டிரையலில்.

வேலை இதுதான். ஃபிளாஞ்ச் என்பது பைப்பை பம்போடு இணைக்கும் வட்டத் தகடு. சுற்றிலும் போல்ட் ஓட்டைகள். அளவைச் சொன்னால் மிஷினே அதை வரைந்துவிட வேண்டும். அதற்கு டிராயிங் சாஃப்ட்வேருக்குள்ளேயே லிஸ்ப் என்றொரு மொழி இருக்கிறது. அதில் நான் புரோகிராம் எழுத வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்ற நான்!

"சனிக்கிழமை நானே உக்காந்து பாக்கறனுங்க" என்றார் முதலாளி. "ஓடுச்சுன்னா இருங்க. ஓடலீன்னா சங்கடப்படாதீங்க, வேற ஆளப் பாத்துக்கறேன்."

வேலையை விட்டு அனுப்புவதையும் கோயமுத்தூரில் இவ்வளவு மரியாதையாகச் சொல்வார்கள்.

ஜெராக்ஸ் எடுத்த ஒரு புத்தகத்தைப் பார்த்து ஆரம்பித்தேன். அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள். அடைப்புக்கு முன்னால், மேலே, ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு ஒற்றைக் குறி. அதுதான் ஓட்டையின் மையம். போட்டேன். வட்டம் விழுந்தது.

ஆனால் ஃபிளாஞ்சுக்கு ஃபிளாஞ்ச் மையம் மாறுமே? அதனால் எண்களை எடுத்துவிட்டு எக்ஸ், ஒய் என்று இரண்டு பெயர்களை வைத்தேன். முந்தின வரியிலேயே எக்ஸில் ஐம்பதும் ஒய்யில் முப்பதும் போட்டாயிற்று. ஒற்றைக் குறியை மட்டும் அப்படியே விட்டேன். ஓடுகிற தறியில் தேவையில்லாமல் கை வைக்கக்கூடாது — தறிக்காரன் புத்தி!

வட்டம் விழவில்லை. தப்பான ரகம் என்றது மிஷின்.

பக்கத்து மேஜை மல்லிகா எட்டிப் பார்த்தார். ஐ.டி.ஐ. படித்த பெண். தினமும் அவிநாசியிலிருந்து வருகிறவர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், என்னைவிடப் பதினைந்து மடங்கு விவரம்.

"அண்ணா, நீங்க நம்பரக் குடுக்கலீங்க. சிம்பலக் குடுத்துப்போட்டீங்க."

"எக்ஸுக்குள்ள அம்பது இருக்குதே அம்மணி?"

"உள்ள அம்பது இருக்குதுங்க. ஆனா எக்ஸு அம்பது இல்லீங்களே."

அவரே கீபோர்டை இழுத்து, குறி இல்லாமல் எக்ஸ் என்ன ரகம் என்று மிஷினைக் கேட்டார். எண் என்றது. குறி போட்டுக் கேட்டார். சிம்பல் என்றது. அதே எக்ஸ்!

"அப்ப சிம்பல்ங்கறது வெறும் எழுத்துங்களா?"

"எழுத்துன்னா ரெட்டைக் குறிக்குள்ள வரோணுமுங்க. அது வேற ரகம்."

மூன்று ரகம் ஆகிவிட்டது. "புரிஞ்சுதுங்களா?" என்றார். புரிந்தது என்றேன். பள்ளிக்கூடத்திலும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எக்ஸ் என்றால் ஐந்து என்று வாத்தியார் சொன்னபோது, நேராக ஐந்தென்றே எழுதலாமே என்று கேட்டுவிட்டு பெஞ்சு மேல் நின்றவன் நான்.

அது புதன்கிழமை. சாயங்காலம் காந்திபுரத்தில் இருவருக்கும் ஒரே பஸ். நல்ல கூட்டம். நின்றுகொண்டோம். எங்களுக்கு முன்னால் ஒரு சீட் காலி... இல்லை, காலி இல்லை. ஜன்னல் வழியாக யாரோ போட்ட பச்சைத் துண்டு அதில் கிடந்தது.

பெரிய உடம்புக்காரர் ஒருவர் உட்காரப் போனார். ஜன்னலோரம் இருந்தவர் தடுத்தார்.

"ஏனுங்க, ஆள் வருதுங்க."

"எந்த ஆளுங்க?"

"அது தெரியாதுங்க. துண்டு கெடக்குதுல்லங்க."

பஸ் கிளம்பியது. ஆள் வரவில்லை. பீளமேடு போயிற்று, சூலூர் பிரிவு போயிற்று. ஒருவரும் உட்காரவில்லை. கண்டக்டர் வந்து, "துண்டுக்கு டிக்கெட் எடுத்தாச்சுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்தபடியே நின்றோம்.

மல்லிகா என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, இதானுங்க சிம்பலு. துண்டு யாருதுன்னு தேடிப்போனா ஆள் கிடைப்பான். அதுதான் வேல்யூ. தேடாதே, துண்ட மட்டும் எடுன்னா துண்டு மட்டும் வரும். அந்த ஒத்தக் குறிக்கு அர்த்தம் அதானுங்க — தேடாதே."

"இங்க தேடுனாலும் ஆளக் காணமே?"

"அப்ப மிஷினு இங்கிலீஷ்ல 'நில்'னு சொல்லுமுங்க. ஆளு யாருமில்லேன்னு அர்த்தம்."

ஆக, வட்டம் போட இரண்டு ஆட்களை அனுப்பச் சொன்னால் நான் இரண்டு துண்டுகளை அனுப்பியிருக்கிறேன்! கருமத்தம்பட்டியில் இறங்கும்போது உலகமே தெளிவாகத் தெரிந்தது. துண்டு அவிநாசிக்குப் போயிற்று.

வியாழக்கிழமை போனதும் அந்தக் குறியை அழித்தேன். ஓட்டினேன். இப்போது வேறொரு பிழை! எக்ஸில் இருக்கும் ஐம்பதுக்கு எந்த வேலையும் தெரியாதாம்.

"அடைப்புக்குள்ள மொத சீட்டு வேலை செய்யறவனுக்குங்க" என்றார் மல்லிகா. "நீங்க எக்ஸ அங்க உக்கார வெச்சுட்டீங்க. லிஸ்ட்டுன்னு ஒருத்தன அங்க வைங்க. அவன் ரெண்டு பேரையும் கூட்டிக் குடுப்பான்."

வைத்தேன். வட்டம் விழுந்தது. அந்த ஃபிளாஞ்சின் எட்டு ஓட்டைகளும் விழுந்தன.

சந்தோஷப்பட்டிருக்கலாம். எனக்கோ இன்னொரு சந்தேகம். எக்ஸில் ஐம்பதைப் போடும்போது நான் குறியே வைக்கவில்லையே? அங்கே மட்டும் மிஷின் ஏன் ஆளைத் தேடிப் போகவில்லை?

"எக்ஸுல நம்பரப் போடற கட்டளை தானே குறி போட்டுக்குமுங்க."

"அத ஏன் மொதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா மட்டும்?"

நியாயமான கேள்வி. நாம் புரிந்துகொள்வதாகச் சொல்வதில் பாதி, கேள்வி கேட்பதை நிறுத்திக்கொள்வதுதானே?

சனிக்கிழமை முதலாளி வந்து உட்கார்ந்தார். அவரே ஒரு ஃபிளாஞ்சின் அளவைச் சொன்னார். வரைந்தது. இன்னொன்று சொன்னார். அதையும் வரைந்தது. ஸ்கிரீனில் விரல் வைத்து ஓட்டைகளை எண்ணினார்.

"என்னதானுங்க பிரச்சனையா இருந்துச்சு?"

"ஒரு சின்னக் குறியுங்க. எடுத்துட்டேன்."

"அதுக்கா ஒரு வாரமுங்க?"

ஆமாங்க என்று தலையாட்டினேன்.

அவர் எழுந்து, ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் என் பெயரையும் எழுதிக்கொள்ளும்படி மல்லிகாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மல்லிகா அழகாக எழுதினார். மூடும் முன் என்னைப் பார்த்தார்.

"பேர எழுதியாச்சுங்கண்ணா. திங்கக்கெழம ஆளு வருமுங்களா?"

வரும் என்றுதான் நினைக்கிறேன்.