சாயத்தண்ணி கேக்

நேற்று கேக் வெந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு யாழ்ப்பாண டீச்சர் எட்டிப் பார்த்தார். "முட்டை போடாமல் கேக்கோ? பொங்குமோ?" பதுளைக்கு வந்து இத்தனை வருஷமாச்சு, என் கேக்கை ஒருத்தரும் நம்பினதில்லை.

நான் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், கோழி இருந்தது. முட்டையைக் கண்ணால் பார்க்கலாம், கடைக்கு விற்கப் போகிறவரைக்கும். அதனால் அம்மா முட்டையில்லாமல்தான் சுடுவாங்க. கோதுமை மாவு, கித்துள் கருப்பட்டி, கொஞ்சம் மாஜரின், அப்பச்சோடா, இடித்த கறுவா, கராம்பு. பாலுக்குப் பதிலாக சாயத்தண்ணி. அதாங்க, வெறும் தேத்தண்ணி. கொழுந்து பறிக்கிற வீட்டில் அதற்கா பஞ்சம்! சட்டியில் மணலைப் பரப்பி, மாவுத் தகரத்தை உள்ளே வைத்து, மூடிமேல் தணலைக் கொட்டினால் லயம் முழுக்க கராம்பு வாசம். வாசம் வந்தால் வாசலில் ஆள் நிற்கும். முதல் ஆள் நான்தான்.

எங்கள் தோட்டம் இருந்த நமுனுகுல மலையில் ஒரு தீபாவளிக்குச் சுட்டது எங்களுக்காக இல்லை, அக்காவுக்காக. கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவள் லீவில் வந்திருந்தாள். அவளைத் திரும்ப அனுப்ப அம்மாவுக்கு மனசே இல்லை. வாயைத் திறந்து சொல்லவும் மாட்டாங்க, அப்படி ஒரு பிடிவாதம். அக்கா வேற, வந்ததிலிருந்து "அங்க கேக்குக்கு முட்டைய ஒடைச்சு ஒடைச்சு ஊத்துவாங்க" என்று அளந்துகொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு துண்டு தின்றாள். இன்னொன்று எடுத்தாள். அப்புறம், "ஏம்மா, கங்காணிகிட்ட தோட்டத்து வேலைக்கு எம் பேரச் சொல்லிட்டியா?"

அம்மா திருதிருவென்று முழித்தாங்க. சொல்லித்தான் இருந்தாங்க! "புடிக்கலன்னா போடி. யாரு ஒன்னய புடிச்சு வச்சா?"

"கேக்கையும் சுட்டு வச்சிக்கிட்டு, பேசுற பேச்சப் பாரு!"

லீவு முடிந்த காலை, வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக் களத்தில் கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். அக்கா பேர் வந்ததும் "இருக்கேங்க" என்றாள். அம்மா கூடையை மாட்டுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாங்க.

இப்போது அந்த மலை பாதி காடு. லயத்தில் பல கதவுக்குப் பூட்டு. பெரட்டுக்குக் கூப்பிடப் பேருமில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்தாங்க. தோட்டத்தில் வேலை இல்லாமல், பேரன் எடுத்த வயசில் அக்கா மறுபடி கொழும்புக்குப் போய்விட்டாள், யாரோ வீட்டில் சமைக்க. அதைப் பார்க்காமல் அம்மா போனாங்களே, அந்த மட்டும் நல்லது என்று சொல்லிக்கொள்கிறேன்.