மரியமலர் சொன்ன சாட்சியம்

மன்னாரிலிருந்து வந்து பலெர்மோவில் வீடுகள் துப்புரவு செய்யும் மரியமலர், ஒன்பது ஆண்டுகளாகத் தைரொயிட் குளிசை போடுகிறவள். சுரப்பி மந்தமாகிவிட்டது, வாழ்நாள் முழுக்க இதுதான் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். விடிய எழும்பியதும் வெறும் வயிற்றில் ஒன்று. அப்படியும் உடம்பு பெருத்தபடியே இருந்தது.

இந்த வருடம் தவக்காலத்தில் அவள் மெலியத் தொடங்கினாள். உயிர்த்த ஞாயிறுக்குள் ஒன்பது கிலோ குறைந்துவிட்டது. கோயிலில் பெண்கள் சுற்றி நின்று கேட்டபோது, சோற்றை ஒறுத்து ஜெபித்ததாகச் சொன்னாள். உண்மையில் அவளுக்கு அந்த நாட்களில் அடங்காத பசி. பேருந்துக்கு நிற்கும்போது பாணும் சீஸும் தின்பாள். தமிழர் யாராவது கண்ணில் பட்டால் பைக்குள் ஒளித்துவிடுவாள். ஜெபக்கூட்டத்தில் சாட்சியம் சொல்ல எழுப்பினார்கள். அங்கேயும் அதையே சொன்னாள். கைதட்டினார்கள்.

பல்லரோ சந்தையில் மரக்கறிக் கடையில் வேலை செய்யும் சூசையம்மாவும் அதே குளிசை போடுகிறவள். மரியமலரைவிட ஆறு வயது மூத்தவள். கூட்டம் கலைந்ததும் தனியாக வந்து, குளிசையையும் விட்டுவிட்டாயா என்று கேட்டாள்.

"கடவுளை நம்பினா குளிசை என்னத்துக்கு அக்கா?" என்றாள் மரியமலர். அன்று காலையும் அவள் குளிசை விழுங்கியிருந்தாள்.

ஜூனில் அவளுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. வேலை வீட்டில் ஒரு கோப்பை கைதவறி உடைந்தது. வீட்டுக்கார சின்யோரா அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாடி ஓடிய ஓட்டத்தில் பயந்து, தானே வைத்தியரிடம் கூட்டிப்போனார்.

இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து வைத்தியர் விளக்கினார். மந்தமாகக் கிடந்த சுரப்பி இப்போது தானாகவே அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறதாம். முன்பு அதை அடக்கிய உடம்பின் அதே நோய் எதிர்ப்புச் சக்தி இப்போது தூண்டிவிடுகிறதாம். அரிதாகத்தான் இப்படி நடக்கும், மறுபடி மாறவும் கூடும் என்றார். பழைய குளிசையை நிறுத்தி வேறொன்று எழுதித் தந்தார். மெலிந்தது இதனால்தான் என்று அவர் சொன்னபோது, மூன்று ஞாயிறுகளாகச் சூசையம்மாவைக் கோயிலில் காணவில்லை என்பது மரியமலருக்கு உறைத்தது.

ஒரேத்தோ பகுதியில் இருந்த சூசையம்மாவின் வீட்டுக்கு நேரே போனாள். அந்த வெயிலிலும் சூசையம்மா கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கி, குரல் கட்டியிருந்தது.

மரியமலர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒளித்துத் தின்றதையும் சொன்னாள்.

"அப்ப குளிசையும் போட்டனியோ?"

"ஓம் அக்கா. ஒரு நாளும் விடேல்லை."

சூசையம்மா சட்டையை இழுத்து மூடிக்கொண்டாள். "நீ சொன்னபடியாத்தான் நான் விட்டனான்," என்றாள். 

மறுநாள் அவளை வைத்தியரிடம் கூட்டிப்போனதும் மரியமலர்தான். சூசையம்மாவுக்கு இத்தாலியன் அவ்வளவாக வராது, மொழிபெயர்க்க ஆள் வேண்டும்; மகள் வேலைக்குப் போயிருந்தாள். இரண்டு மாதத்துக்கு மேலாகக் குளிசை போடவில்லையா, விடச் சொன்னது யார் என்று வைத்தியர் கேட்டார். என்ன கேட்கிறார் என்று சூசையம்மா மரியமலரைப் பார்த்தாள். மரியமலர் கேள்வியை அவளுக்குத் தமிழில் சொன்னாள். சூசையம்மா வாய் திறக்குமுன் வைத்தியர் பக்கம் திரும்பி, நான்தான் என்று இத்தாலியனில் சொன்னாள். வைத்தியர் பேனாவை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

குளிசையைத் திரும்பத் தொடங்கியதும் சூசையம்மாவின் முக வீக்கம் மெல்ல வற்றியது. மரியமலர் மாதம் ஒருமுறை பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கிறாள். ஜெபக்கூட்டத்தில் ஒருநாள் எழுந்து, முன்பு சொன்னது பொய் என்றாள். கூட்டம் அடுத்த பாட்டைத் தொடங்கியது.

அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது சூசையம்மா மொழிபெயர்க்கத் தன் மகள் லக்ஷனாவைக் கூட்டிக்கொண்டு போனாள்.