சீர்ப் பாத்திரத்தில் போன சாம்பார்

சென்ற ஆண்டு மலேசியாவில், கிள்ளானில் எனக்குத் திருமணம். பிளாஸ்டிக் ஒன்றுகூட மண்டபத்துக்குள் வரக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். வாழை இலை, எவர்சில்வர் டம்ளர், துணிப்பை என்று பார்த்துப் பார்த்துத் திட்டமிட்டவள், ஒன்றை மறந்துவிட்டேன். நம் கல்யாணங்களில் மீந்த சாப்பாட்டைத் தாப்பாவ், அதாவது பொட்டலம், கட்டிக்கொண்டு போகாமல் யாரும் வீடு திரும்புவதில்லை.

பந்தி முடிந்ததும் சமையற்கட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அண்டாவில் சாம்பார் மீந்திருந்தது. கட்டிக்கொடுக்க எதுவும் இல்லை.

அப்பாவின் அக்கா எல்லார் முன்னாலும் கேட்டார்: "பிளாஸ்டிக் வேணாம்னு சொல்லிட்டு சாப்பாட்டக் குப்பையில கொட்டப் போறியா? யாரையாச்சும் அனுப்பி பை வாங்கிட்டு வரச் சொல்லு லா."

பாதி நியாயம் அவர் பக்கம் இருந்ததுதான் எனக்குக் கோபம். கழுத்தில் மாலையோடு மேடைக்குப் போய், அடுக்கியிருந்த சீர்வரிசை எவர்சில்வர் டப்பாக்களைத் தூக்கி வந்தேன்.

"சீர்ப் பாத்திரத்திலயா? அபசகுனம்டி."

"நெறஞ்சுதானே போகுது அத்தை?" என்று முதல் டப்பாவை நிரப்பி அவர் கையிலேயே கொடுத்தேன்.

ஒரே மாதத்தில் டப்பாக்கள் முறுக்கும் அதிரசமுமாகத் திரும்பி வந்தன. அத்தையிடம் போனது மட்டும் வரவில்லை.

இப்போது தங்கைக்குக் கல்யாணம். பத்திரிகையில் முகூர்த்த நேரத்துக்குக் கீழேயே, "சாப்பாடு எடுத்துச் செல்ல டப்பா கொண்டு வரவும்" என்று அச்சடித்துவிட்டேன். மானம் போகிறது என்று அத்தை போன் செய்தார்.

"போகட்டும் அத்தை. வரும்போது அந்த டப்பாவக் கொண்டு வந்துடுங்க," என்றேன்.