எல்லாரும் அட்மின்

என் கொழுந்தன் மகள் தையல்காரி. மிஷினும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். தையல்காரர்களுக்கென்று வாட்ஸ்அப் குழு ஒன்றை நடத்திவந்தாள். அதில் ஒருவன், அதே குழுவில் இருந்த நூல்கடைக்காரரைத் திருடன் என்று எழுதிவிட்டான். கண்ணில் பட்டதும் இவள் அழித்தாள். ஆனாலும் கடைக்காரர் இவள்மேல் போலீசில் புகார் கொடுத்துவிட்டார்.

“மன்னிப்பு எழுதிக் கொடும்மா. இல்லேன்னா கேஸ்தான்” என்றார் இன்ஸ்பெக்டர்.

“எழுதினவனக் கேளுங்க சார். அழிச்சவ எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?”

“அட்மின்தானே பொறுப்பு?” என்று எகிறினார் கடைக்காரர்.

“அப்படியாண்ணே? யாரும் மூஞ்சியத் தூக்கிடக் கூடாதுன்னு குழுவுல எல்லாரையுமே அட்மினாக்கி வச்சிருக்கேன். நீங்களும் அட்மின்தான். எனக்கு முன்னாடியே நீங்க அழிச்சிருக்கலாமே! வாங்க, சேர்ந்தே மன்னிப்பு எழுதுவோம்.”

கடைக்காரர் போனைத் திறந்து பார்த்தார். முகம் செத்துவிட்டது. புகாரை அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். இவள் ஓர் எழுத்துகூட எழுதாமல் எழுந்து வந்தாள்.