விட்டுவிடும் கைகள்

மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்தவன் நான். இந்த ஊரில் நிமிர்ந்து நிற்கிற கட்டடங்களின் சன்னல் கண்ணாடிகளில் பாதி என் கடையில் வெட்டியவை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். சம்பாதித்த பெருமை, சும்மா வந்ததில்லை. ஆனால் என்னைவிட நேராக வெட்டுகிற ஆள் ஒருத்தி என் கடையில் இருந்தாள். வேலைக்கு வந்தவள், பிறகு என் மகனைக் கட்டிக்கொண்டு மருமகளானாள். கட்டரை ஒரே இழுப்பு இழுத்துத் தட்டினால், கண்ணாடி சொன்னபடி கேட்டு இரண்டாகப் பிரியும்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. கண்ணாடி நழுவினால் பிடிக்கப் போகக் கூடாது. கையை விரித்துப் பின்னால் நகர்ந்துவிட வேண்டும். பிடிக்கப் போனவன் முழு விரலோடு வீடு திரும்ப மாட்டான். புதிதாக வருகிறவர்களிடம் கழிவுத் துண்டுகளைக் கொடுத்து, நழுவவிட்டு நழுவவிட்டே பழக்குவேன். யோசிப்பதற்கு முன் கை விரிய வேண்டும். அவளுக்கு விரிந்த வேகத்தில் வேறு எவனுக்கும் விரிந்ததில்லை.

வயிற்றில் பிள்ளை தங்கியதும் அவள் சிரிப்பு போயிற்று. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். பிள்ளை அசைகிறதா என்று வயிற்றைத் தொட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். ஆஸ்பத்திரியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். பிறந்தால் தெளிந்துவிடுவாள் என்று இருந்தோம்.

பேத்தி பிறந்தாள். இவள் தெளியவில்லை. படுத்தபடியே பால் கொடுப்பாள். கொடுத்து முடித்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். பிள்ளையைத் தூக்கவே மாட்டாள்.

"தொண்டை கிழியக் கத்துது. தூக்குனா கை தேஞ்சா போயிடும்?" என்பாள் என் மனைவி.

"நீங்களே தூக்குங்க அத்தை."

"நான் தூக்கறேன். பெத்தது நானா?"

"விடும்மா, அவ முதலாளி மருமக. மேற்பார்வை மட்டும்தான் பார்ப்பா" என்று மகன் வேடிக்கை பேசிப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் என் மனைவி, பிள்ளையை எங்கள் மகள் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவு செய்து, துணிகளை எடுத்துப் பையில் வைத்தாள். மருமகள் அழுது தடுப்பாள் என்று நினைத்தேன்.

"கொண்டு போங்க அத்தை. அங்கன்னா பத்திரமா இருக்கும்" என்றாள்.

அந்தப் பேச்சு எனக்குச் சரியாகப் படவில்லை. மனைவியை வெளியே போகச் சொல்லிவிட்டு மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இங்க என்னம்மா பத்திரமில்ல?"

இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினாள்.

"இதுதான் மாமா. மாசமா இருந்தப்ப ஒரு டம்ளர் நழுவுச்சு. எனக்குத் தெரியறதுக்குள்ள கை விரிஞ்சிடுச்சு. பிள்ளை துள்ளினாலும் விரிஞ்சிடும். கண்ணை மூடுனா அது விழற சத்தம்தான் கேக்குது. நான் இல்லாம போயிட்டா அதுவாவது பிழைச்சுக்கும்னு தோணுது மாமா."

கையைப் பழக்கியவன் நான். அதில் தப்பில்லை, அவளுக்குப் பத்து விரலும் முழுசாக இருக்கின்றன. ஆனால் இந்தக் கடைசிப் பேச்சு கைப் பழக்கத்தால் வந்த பேச்சில்லை. மகனைக் கூப்பிட்டு, அவளை மனநல டாக்டரிடம் கூட்டிப் போகக் கிளம்பினோம்.

"ஊர் என்ன பேசும்?" என்றாள் மனைவி.

"ஊர்ல பாதி சன்னல் நான் போட்டது. அது வழியா நல்லா எட்டிப் பார்க்கட்டும்."

அந்த டாக்டரம்மா சிரிக்காமல் கேட்டார். கை விரிவது பழக்கம், இந்தப் பயமும் சாக வேண்டும் என்ற நினைப்பும் நோய், நிறைய தாய்மாருக்கு வருவது என்றார். பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய மாத்திரை எழுதினார். தனியே விடாதீர்கள், பிள்ளையைப் பிரிக்காதீர்கள், குத்திப் பேசாதீர்கள் என்றார். என் மனைவி பையில் வைத்த துணிகளை எடுத்துத் திரும்ப அடுக்கினாள்.

மாத்திரை மந்திரமில்லை. மாதங்கள் ஆகின்றன. சில நாள் எழுந்து தலை வாரிக்கொள்வாள். சில நாள் திரைச்சீலையைக்கூட விலக்க விடமாட்டாள். கடைப்பக்கம் இன்னும் வரவில்லை. பேத்தியை இடுப்பில் வைத்து நின்றதும் இல்லை.

நேற்று மெத்தையில் உட்கார்ந்திருந்தாள். பேத்தி தவழ்ந்து போய் அவள் மடியில் தானாகவே ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது.

"மாமா, யாராவது வந்து எடுங்களேன்" என்றாள்.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எடுக்கவில்லை.

"தூங்கட்டும்மா. நான் இங்கதான் இருக்கேன்."

கைகளை மெத்தையில் ஊன்றிக்கொண்டு, பிள்ளையைத் தொடாமல் அழுதாள். கடையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எழுந்து போகவில்லை.