எல்லாம் நம்ம புள்ளைகதான்

ஆனிமேரி டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மதுரை கோச்சடையில் அவருக்குத் தெரிந்தவர்கள் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் ஒருவர் முழங்காலைக் காட்டுவார், இன்னொருவர் மாமியாரின் கண்ணைப் பற்றிச் சொல்வார். கொட்டாம்பட்டியிலிருந்துகூட ஆள் வரும். மிஷன் பள்ளியில் காலமெல்லாம் கணக்கு நடத்தியவர். ஊரில் பாதி டாக்டர்கள் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். "அது நம்ம புள்ளதான். போங்க, சொல்லிடுறேன்" என்று அங்கேயே போனை எடுத்துவிடுவார்.

அந்த டீச்சருக்குத்தான் இப்போது இடது மார்பில் கட்டி. குளிக்கும்போது கையில் தட்டியது. சுண்டைக்காய் அளவு. வலி இல்லை. இல்லாததுதான் பயமாக இருந்தது.

கணவர் ஆசீர்வாதம் மறுநாளே ஸ்கூட்டரை வெளியே எடுத்தார். எந்த ஆஸ்பத்திரி என்று அவர் கேட்கவில்லை. அது மனைவியின் இலாகா.

முதல் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்ததுமே, "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்று ரிசப்ஷனிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். யாரையோ பார்க்க வந்ததாகச் சொல்லி டீச்சர் எழுந்துவிட்டார். இரண்டாவதில் டாக்டரின் பெயர்ப் பலகையைப் படித்தார். தேற்றம் தெரியாமல் வகுப்பு வாசலில் முட்டி போட்ட பையன். அங்கேயும் எழுந்துவிட்டார். வாசலில் டீயை ஆற்றிக்கொண்டிருந்த ஆசீர்வாதம், குடிக்காமலே சாவியை எடுத்தார்.

மூன்றாவது, ஆற்றுக்கு அந்தப் பக்கம். டாக்டர் முன்பின் தெரியாதவர். தொட்டுப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசினார். நாளைக்கே அட்மிட் ஆகிவிட்டால் எடுத்துவிடலாமாம். எடுப்பதற்கு முன்னால் சோதனை எதுவும் வேண்டாமா என்று கேட்க டீச்சர் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். புரியாவிட்டால் கை தூக்கு என்று பிள்ளைகளை அதட்டியவர், வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தார்.

திரும்பும்போது சிம்மக்கல் சிக்னலில் ஆசீர்வாதத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"ஊருக்கெல்லாம் ஆஸ்பத்திரி சொல்ற. ஒனக்கு மட்டும் மதுரையில டாக்டரே இல்லையா மேரி?"

"என்கிட்ட படிச்ச புள்ளைக முன்னாடி எப்பிடிங்க ஜாக்கெட்டக் கழட்டுறது?"

அவருக்குக் கை தவறி வண்டி அணைந்துவிட்டது. பச்சை விழுந்தது. பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டே, "ஒன்கிட்ட படிச்ச டாக்டர் ஹெப்சிபா பொம்பளப்புள்ளதானே" என்றார்.

"கூட்டலே தப்பாப் போடுவா அவ."

"ஆபரேஷன்ல கூட்டலா போடப் போறா?"

ஹெப்சிபாவின் கிளினிக்கில் காத்திருந்தபோதுதான் டீச்சருக்கு உறைத்தது. இத்தனை பேரை அனுப்பியிருக்கிறார். நம்ம புள்ள என்பதைத் தவிர ஒரு டாக்டரைப் பற்றியும் அவர் எதுவும் விசாரித்ததில்லை. அந்த வேலை அவனுக்கு நன்றாக வருமா என்றுகூட.

ஹெப்சிபா தொட்டுப் பார்த்தபோது டீச்சர் சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஸ்கேன், பிறகு ஊசி குத்திச் சோதனை, அந்த முடிவு வந்த பிறகுதான் கத்தியைப் பற்றிப் பேச்சு என்றாள் ஹெப்சிபா. ஆனால் தான் செய்யப்போவதில்லை என்றாள்.

"நான் எல்லா ஆபரேஷனும் பண்றவ டீச்சர். மார்புக் கட்டி மட்டுமே பாக்குற லேடி டாக்டர் ஒருத்தங்க இருக்காங்க. அங்க போங்க, இன்னைக்கே."

"அவளும் என்கிட்ட படிச்சவளா?"

"இல்ல டீச்சர். கோயம்புத்தூர்க்காரங்க."

டீச்சருக்கு மூச்சு வந்தது. "இந்த மாதிரி எம்புட்டுப் பேருக்குப் பாத்திருக்காங்க?"

"அத அவங்ககிட்டயே கேளுங்க. கோவிச்சுக்க மாட்டாங்க. கோவிச்சுக்கிட்டா எந்திரிச்சு வந்துருங்க."

எழுந்து வருவதில் டீச்சருக்கு இப்போது நல்ல பழக்கம்.

சாயங்காலம் அந்த ஆஸ்பத்திரியில் கூட்டம் நெரிந்தது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. டீச்சர் புடவைத் தலைப்பை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தார். தன் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் சட்டென்று எழுந்தார்.

அவர் எழுந்ததைப் பார்த்த ஆசீர்வாதம் பெருமூச்சு விட்டு, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைப் பார்த்து நடந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். பின்னால் மனைவி இல்லை. டாக்டரின் அறைக்கதவு மூடிக்கொண்டிருந்தது.